மணிக்கூறு

கோபாலபுரம் சோதனைச்சாவடியில்
பஸ் நிற்கிற பதினோரு நிமிடத்துக்கு
எந்தப் பல்கலைக்கழகமும் கிரெடிட் தருவதில்லை.
முன்னால் கோழி லாரி, பின்னால் தக்காளி வேன்,
என் மடியில் ரெக்கார்டு நோட்டுகள்.
ப்ரிஸத்தின் கோணம் அறுபது பாகை என்று
பார்க்காமலே எழுதியிருக்கிறான் ஒருவன்.
சுழிக்கும்போது வண்டி நகர்கிறது.
சிவப்பு மை ஒரு மாநிலத்தில் தொடங்கி
இன்னொன்றில் முடிகிறது.

கணக்கு இதுதான்:
வாரத்துக்கு ஒரு மணிநேரம் பேசினால் ஒரு கிரெடிட்.
ஆய்வகமென்றால் இரண்டு மணிநேரம் நின்றால்தான் ஒன்று.
மூன்று பேச்சு, ஒரு ஆய்வகம்:
நான்கு கிரெடிட் தாளுக்கு ஐந்து மணிநேரம்.
"நாலு எப்படி மேடம் அஞ்சாகும்?"
முதல் வருஷத்து ஷெஹர்பானு கேட்டாள்.
வாயால் செய்தது முழுசு, கையால் செய்தது பாதி என்றேன்.
"எங்க வீட்லயும் அதே கணக்குதான்" என்று
நோட்டை மூடிவிட்டாள்.

மலையாளத்தில் மணிக்கூர் என்பார்கள்.
ஆறு வருஷமாக என் காதில் அது
மணிக்கூறு என்றே விழுகிறது.
கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் சாக்கு விரித்துக்
கூறு கட்டி வைத்த கத்தரிக்காய்.
திங்களுக்கு மூன்று கூறு, செவ்வாய்க்கு இரண்டு,
புதனில் சொத்தையும் நல்லதும் கலந்து.
கொசுறு கிடையாது.
எங்கள் கல்லூரியில் பதினாறு கூறு சேர்ந்தால்
கௌரவ விரிவுரையாளர் என்று ஒரு ஆள்.
சேராவிட்டால் அந்தக் காய்கள்
மற்றவர்கள் பையில் ஆளுக்கொன்றாய் விழும்.

ஜூன் கடைசி. மழை ஜன்னலோடு பேசிக்கொண்டிருக்க
விலாசினி டீச்சர் மேசைமேல் சார்ட்டை விரித்தார்.
பென்சில், ரப்பர், ஆறிப்போன கட்டன்சாயா.
ஒளியியல் தாளுக்கு ஒன்பது பேர்.
பத்து இல்லையென்றால் தாள் இல்லை.
பதினாறில் ஐந்து போனால் எவ்வளவென்று
சொல்ல இயற்பியல் வேண்டாம்.
பென்சில் முனை என் பெயருக்கு மேலே
மழைத்துளி மாதிரி தொங்கியது.
"வெள்ளிக்கிழமை வரைக்கும் நோக்காம், கேட்டோ."
நல்ல மனுஷி. ரப்பரை மட்டும்
கைக்கு எட்டும் தூரத்திலேயே வைத்திருந்தார்.

வியாழன் மாலை ஆறுச்சாமி வந்தான்.
இரவு பதினொன்றிலிருந்து நாலு வரை
சாவடிக்குப் பக்கத்தில் கோழிக்கூண்டு இறக்குகிறவன்.
சட்டைப் பையில் ஒரு வெள்ளைச் சிறகு,
அவனுக்குத் தெரியாமல்.
கையில் விருப்பத்தாள் படிவம், கட்டம் காலி.
"ஒளியியலா, சுற்றுச்சூழலா,
எதுக்கு மேடம் மணி கம்மி?"

பத்தாவது ஆள்.
என் முன்னால் நின்று என்னிடமே கேட்கிறான்.
ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லியிருக்கலாம்.
நாலு கிரெடிட், நாலு கிரெடிட்: அது பொய்யும் இல்லை.

"ஒளியியலுக்கு அஞ்சு. அதுக்கு நாலே மணி."

"அப்ப அதுன்னா வாரம் ஒரு மணி தூங்கலாம்" என்றான்,
விலை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவன் போல.

வெள்ளி, இருட்டறை.
ஸ்பெக்ட்ராமீட்டரை நிமிர்த்திவிட்டு
சோடியம் விளக்கைப் போட்டேன்.
போட்டதும் மஞ்சள் வராது அதற்கு.
முதலில் ரோஜா நிறத்தில் ஒரு தயக்கம்,
பிறகு மங்கல், பிறகு பத்து நிமிடம் கழித்து
முகங்களை எல்லாம் ஒரே நிறமாக்கும் அந்த வெளிச்சம்.

கதவோரம் ஆறுச்சாமி நின்றிருந்தான்.
பழைய ரெக்கார்டைக் கொடுக்க வந்தானாம்.
"இது சூடாகற நேரம் எந்தக் கணக்குல வரும்?"

"எதுலயும் வராது."

ம் என்றான். போகவில்லை.
படிவம் பையில் இருந்ததா,
ஆபீஸில் கொடுத்தாயிற்றா, எதில் டிக்,
நான் கேட்கவில்லை.
ரோஜா மெல்ல மஞ்சளுக்கு வந்துகொண்டிருந்தது.
அவன் பிளவு வழியே குனிந்து, ஒரு கண்ணை மூடி,
தூக்கம் கெட்ட மற்றக் கண்ணால் பார்த்தான்.

என் பஸ் நாலு ஐம்பதுக்கு.
நாலு நாற்பத்தைந்து வரை
விளக்கை அணைக்கவில்லை.